வெள்ளை லென்ஸும் 466 பேரும்

துவாரம் எஃப் 2.8 இல் நின்று அசையாத ஸூம் லென்ஸ் கையில் இல்லாதவர் தொழில்முறைப் படப்பிடிப்பாளரே அல்லர் என்பது சப்ரகமுவத் தோட்டங்களில் இப்போது கேள்வியில்லாமல் ஏற்கப்படும் கருத்து. இரத்தினபுரி மாவட்டத்தின் பலாங்கொடை, இறக்குவானை, காவத்தைப் பக்கமானாலும் கேகாலை மாவட்டத்தின் தெரணியகலை, எட்டியாந்தோட்டைப் பக்கமானாலும், கலியாணம், சடங்கு, கோவில் திருவிழா என்று படமெடுத்துப் பிழைக்க வரும் இளைஞர்களுக்கு இதுவே முதற்பாடம். கமராப் பெட்டிக்குள்ளேயே வரும் 18–55 மி.மீ. லென்ஸ் விளையாட்டுச் சாமான். அதை ஒதுக்கிவிட்டு, கடன்பட்டாவது 70–200 எஃப் 2.8 ஒன்றை, முடிந்தால் கெனன் நிறுவனத்தின் அந்த வெள்ளை லென்ஸை, வாங்கிவிட வேண்டும். வேலை தானாக வரும். இந்தக் கருத்துக்கு ஒளியியலில் ஓரளவு நியாயம் உண்டு. அது எவ்வளவு என்று அளந்து பார்த்தால், தோட்டத்து வேலையின் பெரும்பகுதிக்கு அது பொருந்தவில்லை என்பதும், பொருந்தும் சில இடங்களிலும் மலிவான வேறு வழி இருக்கிறது என்பதும் தெரியவரும்.

விதி பிறந்த காலத்தில் அதற்கு வேலை இருந்தது. சாதாரணப் படக் கமராவுக்கான முதல் ஸூம் லென்ஸாகக் கருதப்படும் ஃபொய்க்லாண்டர் ஸூமார் 1959 இல் வந்தபோதே அது 36–82 மி.மீ., எஃப் 2.8. கெனன் தன் 80–200 எஃப் 2.8 லென்ஸை 1989 இலும், 70–200 எஃப் 2.8 ஐ 1995 இலும், கைநடுக்கத்தைத் தாங்கும் வகையை 2001 இலும் வெளியிட்டது. அவற்றை முதலில் தூக்கித் திரிந்தவர்கள் பத்திரிகைக்காரர்களும் விளையாட்டுப் படம் எடுப்பவர்களும். அவர்கள் கமராவில் இருந்தது பிலிம். ஐஎஸ்ஓ (ஒளியுணர் திறன்) 400 பிலிமைப் போட்டுவிட்டால் 36 படமும் 400 தான். பந்து இருட்டுக்குள் ஓடினாலும் பிலிம் மாறாது. வெளிச்சம் குறையும்போது கூட்டிக்கொள்ள அவர்களிடம் இருந்த முக்கிய வழி துவாரம். இன்றைய கமராவில் ஒவ்வொரு படத்துக்கும் ஐஎஸ்ஓவை மாற்றலாம். பழைய, இரண்டாங்கைக் கமராக்கள்கூட 1600, 3200 வரை ஆல்பத்துக்குப் போகத்தக்க படத்தைத் தருகின்றன. பிலிம் போய்விட்டது, பிலிம் காலத்து விதி மட்டும் விலைச்சீட்டோடு தங்கிவிட்டது.

எஃப் எண் என்பது லென்ஸின் குவியத் தூரத்தை ஒளி நுழையும் துவாரத்தின் விட்டத்தால் வகுத்து வரும் ஈவு. 200 மி.மீ. லென்ஸ் எஃப் 4 ஆக இருக்க 50 மி.மீ. விட்டமுள்ள துவாரம் போதும். அதே லென்ஸ் எஃப் 2.8 ஆக வேண்டுமானால் ஏறக்குறைய 71 மி.மீ. தேவை. விட்டம் கூடினால் கண்ணாடியின் பரப்பு அதன் வர்க்கமாகக் கூடும். கண்ணாடி கூடினால் எடை, எடை கூடினால் விலை. கெனன் 2018 இல் ஒரே நேரத்தில் இரண்டு 70–200 லென்ஸ்களை வெளியிட்டது. எஃப் 4 வகை 780 கிராம், வெளியீட்டு விலை 1,299 அமெரிக்க டொலர். எஃப் 2.8 வகை 1,480 கிராம், 2,099 டொலர். இரண்டும் பிடிக்கும் காட்சி ஒன்றே. வித்தியாசம் ஒரு ‘ஸ்டொப்’, அதாவது இரண்டு மடங்கு ஒளி. கமராவின் பொத்தானில் சொன்னால், ஐஎஸ்ஓ 1600 க்கும் 3200 க்கும் இடையிலுள்ள தூரம் அது. அந்தத் தூரத்தைக் கடக்கக் கேட்கப்படும் கூலி 800 டொலர்.

டொலர் கணக்கு தோட்டத்துக்கு அந்நியம். பேர்க் கணக்கே அங்கே புரியும். ஒரு நாள் முழு வேலை செய்தால் செக்ரோலில், அதாவது வேலைப் பதிவேட்டில், விழுவது ஒரு பேர். தேயிலைத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்கூலி 2021 இல் வர்த்தமானி மூலம் 1,000 ரூபாவாக அறிவிக்கப்பட்டது. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவானது. டொலருக்கு 300 ரூபா என்று வைத்தால் 2,099 டொலர் என்பது 629,700 ரூபா. இறக்குமதி வரி, கடைக்காரர் இலாபம் எதுவும் சேராத விலை அது. அந்த 2024 கூலியான 1,350 ஆல் வகுத்தால் 466 பேர். மாதம் 25 பேர் விழும் என்று தாராளமாக எண்ணினாலும் பதினெட்டரை மாதத்துக்கு மேல், அரிசி மாவு எதையும் வாங்காமல் உழைத்த உழைப்பு. 2022 மார்ச்சுக்கு முன் டொலர் சுமார் 200 ரூபாவாக இருந்தது. இரண்டு மூன்று மாதத்துக்குள் 360 ஐ எட்டியது. தோட்டத்து இளைஞனின் படம் அந்தக் காலத்தில் கொஞ்சமும் மோசமாகவில்லை, லென்ஸ் மட்டும் அவனைவிட்டு இன்னும் தூரமாகப் போனது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சில வீடுகளில் அம்மாவின் தோடும் சங்கிலியும் அடகுக்குப் போகின்றன. சில வீடுகளில் நுண்கடன். பெண் தொழிலாளி 50 வயதில் ஊழியர் சேமலாப நிதியை எடுக்கும்போது, முப்பது வருடக் கொழுந்துக்குக் கிடைத்த அந்தத் தொகையின் ஒரு துண்டு மகனின் லென்ஸாகிவிடுவதும் உண்டு. ‘முதலீடு’ என்ற சொல் இங்கே நிறைய வேலை செய்கிறது. முதலீடு என்றால் அது திருப்பித் தரும் வேகத்தையும் பார்க்க வேண்டும். தை, வைகாசி, ஆவணியில் வேலை குவியும். ஆடியிலும் மார்கழியிலும் கலியாணம் இல்லை. தவணைக்கு ஆடி தெரியாது. செய்த வேலைக்கான காசும் தோட்டத்துச் சம்பள நாளான 10 ஆம் திகதியைப் பார்த்தே வரும், அதுவும் இரண்டு மூன்று தடவையாக.

விலை ஒருபுறம் இருக்கட்டும். பணம் தாராளமாக இருக்கும் ஒருவருக்காவது 70–200 தோட்டத்தில் முதல் லென்ஸாகத் தகுமா என்றால், அதுவும் இல்லை. சடங்கும் கலியாணமும் பெரும்பாலும் தொடங்குவது லயத்தில், தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பில். பழைய லயக் காம்பராவின் வழக்கமான அளவு 10 அடிக்கு 12 அடி. அதற்குள் கட்டில், அலுமாரி, சாமிப்படம், பெண், பெண்ணைச் சுற்றி அத்தைமார், சின்னம்மாமார், வாசலை அடைத்துக்கொண்டு பிள்ளைகள். முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாலும் படம் எடுப்பவருக்குக் கிடைப்பது சுமார் 3 மீற்றர் தூரம். பெரும்பாலானோர் கையிலுள்ள குரொப் சென்சார் (சிறிய சென்சார்) கமராவில், 70 மி.மீ. லென்ஸ் அந்தத் தூரத்தில் பிடிப்பது ஒரு மீற்றருக்கும் குறைந்த அகலத்தை. ஒரு முகமும் இரண்டு தோளும், தாய்மாமன் வெட்டுப்படுவார். அதே இடத்தில் நின்று 18 மி.மீ. இல் வைத்தால் 3.7 மீற்றர், எதிர்ச்சுவர் முழுவதும், உள்ளே வரும். விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கப்பட்ட கிட் லென்ஸ்தான் இந்தப் படத்தை எடுக்கும். ஆறு இலட்சத்துக்கு மேல் விலையுள்ள லென்ஸ் வாசலுக்கு வெளியே, பீலிக்கரையில் போய் நின்றால்தான் உதவும்.

வெள்ளை லென்ஸ் கட்சியின் அடுத்த வாதம் இருட்டு. லயத்துக்குள் இருட்டு என்பது உண்மை. ஒற்றை எல்இடி பல்பின் வெளிச்சத்தில் எஃப் 5.6 ஐ நம்பினால் ஐஎஸ்ஓ 12,800 வரை ஏற வேண்டியிருக்கும், எஃப் 2.8 அதை 3,200 க்கு இறக்கும். இந்த இடத்தில் எண்கள் எதிர்க்கட்சிக்குச் சாதகம் என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் இந்த வாதத்தை வைப்பவர்கள் இரண்டு பொருட்களைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அவற்றில் முதலாவது பிளாஷ். சீனத் தயாரிப்பான சாதாரண பிளாஷ் ஒன்று 100 டொலருக்குள் கிடைக்கிறது. அதை முகத்துக்கு நேரே அடித்தால் எண்ணெய் வழியும் முகமும் சுவரில் கறுத்த நிழலும்தான் மிஞ்சும். பிளாஷ் மீதுள்ள வெறுப்பு இப்படி அடித்தவர்களின் படங்களால் வந்தது. பக்கவாட்டுச் சுவரை நோக்கித் திருப்பி அடித்தால் சுண்ணாம்பு பூசிய சுவர் முழுதும் ஒரு பெரிய ஜன்னலாகிவிடும். நீலமோ பச்சையோ பூசிய சுவரானால் அந்த நிறம் பெண்ணின் கன்னத்தில் ஏறும். அங்கே ஒரு வெள்ளை வேட்டியை மடித்துச் சுவரில் தொங்கவிட்டால் முடிந்தது. புகை படிந்த தகரக் கூரையை நம்பி மேலே அடிப்பது வீண். இவ்வளவு தெரிந்தவரின் கிட் லென்ஸ் படத்துக்கும், தெரியாதவரின் எஃப் 2.8 படத்துக்கும் உள்ள வித்தியாசம் ஆல்பத்தில் ஒரு பார்வையில் தெரியும்.

மற்றது 50 மி.மீ. எஃப் 1.8. கெனன் 2015 இல் வெளியிட்ட வகையின் வெளியீட்டு விலை 125 டொலர், எடை 160 கிராம். பேர்க் கணக்கில் 28. எஃப் 1.8 துவாரம் எஃப் 2.8 ஐப்போல ஏறக்குறைய 2.4 மடங்கு ஒளியை உள்ளே விடும். மாசி மாதத்துக் காமன் கூத்தில் தீப்பந்த வெளிச்சம்தான் படமே. பிளாஷ் அடித்தால் கூத்தும் போச்சு, ஆடுபவரின் கண்ணும் கூசும். அங்கே 2,099 டொலர் லென்ஸைவிடக் கூடுதல் ஒளியைச் சேர்ப்பது அதன் பதினேழில் ஒரு பங்கு விலையுள்ள லென்ஸ். எஃப் 2.8 தான் இருட்டுக்கு மருந்து என்று சொல்பவர் இந்த ஒரு கணக்குக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஸூம் செய்ய முடியாதே என்பது பதில் அல்ல. கூத்துக்களத்தில் ஆடுபவர்கள்தான் சுற்றி வருகிறார்கள். ஓரிடத்தில் உட்கார்ந்தவருக்கு அவர்கள் பக்கத்திலும் வருவார்கள், தூரத்திலும் போவார்கள்.

இருட்டு வாதத்தில் இன்னொரு ஓட்டையும் உண்டு. அதைப் பலர் கவனிப்பதில்லை. எஃப் 2.8 இன் இலாபம் ஷட்டர் வேகத்தைக் கூட்டலாம் என்பது. இலங்கையின் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மலிவான எல்இடி பல்புகள் செக்கனுக்கு 100 தடவை மினுங்குகின்றன. ஷட்டரை 1/50, 1/100 இல் வைத்தால் படம் சீராக வரும். 1/250, 1/400 என்று கூட்டினால் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழத் தொடங்கும். பந்தலில் எல்இடி சரங்களைத் தொங்கவிட்டிருக்கும் கலியாண வீட்டில், காசு கொடுத்து வாங்கிய வேகத்தைப் பாவிக்கவே முடியாத நிலை. 1/100 இல் நிற்க வேண்டுமானால் கைநடுக்கத்தைத் தாங்கும் வசதி போதும். அது கிட் லென்ஸிலேயே இருக்கிறது.

பின்னணி கரைந்து போகும் அழகு எஃப் 2.8 பிரியர்களின் கடைசிக் கோட்டை. கரைவது உண்மை. எது கரைகிறது என்பதுதான் கேள்வி. குரொப் சென்சார் கமராவில் 135 மி.மீ., எஃப் 2.8, 5 மீற்றர் தூரம் என்று வைத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 15 சென்ரிமீற்றர். பெண்ணின் கண்ணில் போகஸ் வைத்தால் மாலை போடும் தாய்மாமனின் முகம் மங்கலாகிவிடும். பத்து வருடம் கழித்து ஆல்பத்தைப் புரட்டும்போது அந்த வீட்டார் தேடப்போவது அந்த முகத்தைத்தான். அதற்குள் அவர் இல்லாமலும் போயிருக்கலாம். தோட்டத்துச் சடங்குப் படம் தனி மனிதப் படம் அல்ல. சீர்த்தட்டைத் தூக்கியவர் யார், ஆரத்தி எடுத்தவர் யார், கொழும்பிலிருந்து லீவு போட்டு வந்தவர் யார் என்பதற்கெல்லாம் அதுவே சாட்சி. அதற்கு எஃப் 5.6 உம் எஃப் 8 உம் வேண்டும். எஃப் 2.8 க்குக் காசு கட்டிவிட்டு எஃப் 8 இல் படமெடுப்பவருக்கும், கிட் லென்ஸில் எஃப் 8 இல் எடுப்பவருக்கும் கடுதாசியில் தெரியும் வித்தியாசம் மிகக் கொஞ்சம். பெரும்பாலான படங்கள் இப்போது போன் திரையிலேயே பார்க்கப்படுகின்றன என்பதால் அந்தக் கொஞ்சமும் காணாமல் போய்விடுகிறது.

மழை குறித்த வாதம் மட்டுமே இரத்தினபுரியை மனதில் வைத்து எழுந்ததுபோல் தோன்றுகிறது, ஆகவே அதை மரியாதையோடு எடுத்துக்கொள்ள வேண்டும். வருடத்துக்கு 3,500 மி.மீ. ஐத் தாண்டும் மழையில், விலை உயர்ந்த லென்ஸ்களின் இணைப்புகளில் உள்ள ரப்பர் அடைப்பு தேர் ஊர்வலத்தன்று சாரலைத் தடுக்கும். தடுப்பது சாரலை மட்டும். காற்றிலுள்ள ஈரத்தை அது தடுக்காது. லென்ஸைக் கொல்வது அந்த ஈரம். சாரல் கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் துடைத்துவிடுகிறார்கள். பூஞ்சணம் தெரியாமல் வளர்கிறது. ஈரப்பதன் 60, 70 வீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நிற்கும் இடத்தில், இருட்டுப் பையில் கிடக்கும் லென்ஸின் கண்ணாடி மேல் சிலந்தி நூல்போல அது படரும். நாள்பட்டால் கண்ணாடியின் பூச்சை அரித்துவிடும், பிறகு துப்புரவு செய்தும் பயனில்லை. விறகடுப்புப் புகை ஏறும் லயத்தில், அலுமாரிக்குள் துணிகளோடு வைத்த 2,099 டொலர் லென்ஸுக்கும் 125 டொலர் லென்ஸுக்கும் பூஞ்சணம் பேதம் பார்ப்பதில்லை. காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரம் காட்டும் சின்ன மானி; மானி 40 இலிருந்து 50 வீதத்துக்குள் நின்றால் போதும். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி மறுபடி பாவிக்கலாம். முழுக் காசையும் கண்ணாடியில் போட்டவரிடம் இந்தப் பெட்டிக்கு மிச்சம் இருப்பதில்லை என்பதுதான் அனுபவம். 2003 மே, 2017 மே வெள்ளங்களைப் பார்த்த மாவட்டத்தில், வீட்டின் முழுச் சேமிப்பையும் தண்ணீர் ஏறக்கூடிய ஒற்றைப் பொருளாக்கி வைப்பது எத்தகைய புத்தி என்பதும் யோசிக்க வேண்டியது.

ஊர்வலத்தன்று சாரலைவிட ஆபத்தானது லென்ஸை மாற்றுவது. திறந்த கமராவுக்குள் துளி விழுந்தால் சென்சார் போச்சு. தேர் லயத்துக்கு லயம் நின்று தேங்காய் உடைத்துப் போகும்போது, பக்கத்தில் வரும் காவடியையும் மேட்டில் நிற்கும் தேரையும் ஒரே லென்ஸால் எடுக்க முடிந்தால் அதுவே பெரிய பாதுகாப்பு. 2012 இல் வந்த கெனன் 18–135 மி.மீ. போன்ற நீள ஸூம்களை வல்லுநர்கள் இகழ்வார்கள். ஓரம் கொஞ்சம் மங்கும், துவாரம் 5.6 வரை சுருங்கும். பகல் வெளிச்சத்தில் இரண்டும் பொருட்டல்ல. 480 கிராம் எடையோடு, ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டும் பாவிக்கலாம். பலாபத்தல வழியாகச் சிவனொளிபாதமலைக்கு ஏறுபவருக்கு எடை இன்னும் பெரிய விஷயம்: 18–55, 55–250, 50 மி.மீ. என்ற மூன்று கெனன் லென்ஸ்களின் எடை முறையே 205, 375, 160 கிராம். கூட்டினால் 740. வெள்ளை லென்ஸின் எடையில் சரியாகப் பாதி. மூன்றின் விலையைக் கூட்டினாலும் அதன் விலையில் பாதியைத் தொடாது.

இங்கே மறுதரப்பிலிருந்து இன்னொரு குரல் எழும்: ஸூமே சோம்பேறிக்கு, நிலைக் குவியமுள்ள பிரைம் லென்ஸை வைத்துக்கொண்டு காலால் நடந்து போய் எடு என்று. தட்டையான நகரத் தெருவில் பிறந்த புத்திமதி அது. தேயிலைச் சரிவில் கொழுந்து எடுப்பவரை நோக்கி நான்கடி முன்னே வைக்கக் கானும் செடியும் விடாது. தீமிதிக் குழியை நோக்கி நடக்கப் பூசாரி விடமாட்டார். லயத்துக்குள் பின்னே போகச் சுவர் விடாது. ஸூம் தோட்டத்துக்கு அவசியமான கருவிதான். மறுக்கப்படுவது ஸூம் அல்ல, துவார எண்ணை வைத்துத் தொழில்காரரை அளக்கும் பழக்கம்.

அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் உள்ள உண்மையான பலம் ஒளியியலில் இல்லை, கௌரவத்தில் இருக்கிறது. வாடிக்கையாளர் லென்ஸைப் பார்த்துத்தான் விலை பேசுகிறார். வெள்ளையாக, நீளமாக இருந்தால் ஐயாயிரம் கூடக் கொடுக்கிறார் என்று சொல்லப்படுகிறது. இதை அலட்சியமாக ஒதுக்க முடியாது, சந்தை இப்படித்தான் இயங்குகிறது. (வெள்ளைப் பூச்சு வந்த காரணம் வேறு: பெரிய லென்ஸ்களின் உள்ளே இருந்த ஃபுளோரைட் படிகம் வெயிலில் விரியாதிருக்க வெளிப்புறத்தை வெளிர் நிறமாக்கினார்கள். குடை விரியாத நாளில்லாத மாவட்டத்தில் அது மரியாதைச் சின்னமாகியிருப்பது வேடிக்கை.) ஆனால் கௌரவமும் கணக்குக்குக் கட்டுப்பட்டதே. வேலைக்கு ஐயாயிரம் வீதம் கூடக் கிடைத்தாலும் 629,700 ரூபாவை மீட்க 126 வேலை வேண்டும், வட்டி புறம்பு. தோட்டத்தில் வேலை கிடைக்கும் வழியும் வேறு. ஒரு டிவிசனில் ஒரு சடங்குப் படம் நன்றாக அமைந்து, ஆல்பம் சொன்ன திகதிக்குக் கைக்கு வந்தால், அடுத்த டிவிசனிலிருந்து ஆள் வரும். சொன்ன நேரத்துக்கு வராதவனை எந்த வெள்ளை லென்ஸும் காப்பாற்றியதில்லை. அதைவிட அவசியமானது இரண்டாவது கமரா. தாலி கட்டும் நிமிடத்தில் ஒரே கமரா நின்றுவிட்டால், அதன் முன்னால் எந்த லென்ஸ் பூட்டியிருந்தாலும் ஒன்றுதான். ஒரு வெள்ளை லென்ஸின் விலைக்குள் இரண்டாவது கமரா, பிளாஷ், 50 மி.மீ., பெட்டி எல்லாம் அடங்கிவிடும்.

ஆகவே வாங்கும் வரிசை மாற வேண்டும். கையிலுள்ள 18–55 இலேயே தொடங்கி, முதலில் பிளாஷும் 50 மி.மீ. உம், அடுத்து இரண்டாவது கமரா, அதற்குப் பிறகே தூர ஸூம், அதுவும் 55–250 போன்ற இலகுவானது. எஃப் 2.8 மீது ஆசை விடவில்லையானால், தூர ஸூமை விட்டுவிட்டுக் கிட்ட ஸூமில் அதை நிறைவேற்றிக்கொள்ளலாம். டாம்ரன் 2006 இலும் சிக்மா 2010 இலும் வெளியிட்ட 17–50 எஃப் 2.8 லென்ஸ்கள் குரொப் கமராவுக்கென்றே செய்யப்பட்டவை, லயத்துக்குள்ளும் பொருந்தும். இன்னும் துணிந்தவருக்குச் சிக்மாவின் 18–35 எஃப் 1.8 இருக்கிறது, 2013 இல் 799 டொலருக்கு வந்தது. முழு ஸூம் தூரத்திலும் எஃப் 1.8, பெயர் பெற்ற எஃப் 2.8 களைவிட ஒளி கூடியது. இருந்தும் இதை வைத்திருப்பவரைப் பார்த்து யாரும் வாய் பிளப்பதில்லை, நிறம் கறுப்பு என்பதால்.

இவற்றைப் புதிதாக வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. 2018 இல் கெனனும் நிக்கோனும் மிரர்லெஸ் கமராவுக்கான புதிய மவுண்டுகளுக்கு (லென்ஸ் பூட்டும் வளையங்களுக்கு) மாறியதிலிருந்து பழைய மவுண்ட் லென்ஸ்கள் இரண்டாங்கைச் சந்தைக்கு நிறைய வருகின்றன. கெனனில் ஓர் அடப்டர் போட்டால் அவை புதிய கமராவிலும் குறையின்றி வேலை செய்யும். ஈரப் பகுதியில் இரண்டாங்கை லென்ஸ் வாங்குபவர் முதலில் செய்ய வேண்டியது போன் டோர்ச்சைப் பின்புறமிருந்து அடித்து முன்புறமாகப் பார்ப்பது. நூலிழை, வெண்புகை, புள்ளிக் கூட்டம் தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்; அந்தப் பூஞ்சணம் பெட்டியிலுள்ள மற்ற லென்ஸுக்கும் போகும். துவாரத் தகடுகளில் எண்ணெய்க் கசிவு, ஸூம் வளையம் தானாக வழுகுவது, போகஸ் மோட்டார் முனகுவது ஆகியவையும் பார்க்கத் தக்கவை. முன்கண்ணாடியில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் பயப்பட வேண்டாம். படத்தில் அது தெரியாது, விலையைக் குறைத்துக் கேட்க உதவும்.

எஃப் 2.8 தூர ஸூம் உண்மையாகவே வேண்டிய வேலைகள் உண்டு. பெரிய மண்டபத்தில் மேடைக்குக் கிட்டப் போக முடியாத பரதநாட்டிய அரங்கேற்றம், விளக்கு வெளிச்சத்து இரவு விளையாட்டு, பிளாஷ் தடுக்கப்பட்ட தேவாலயம். சிங்கராஜக் காட்டின் அடி இருட்டில் பறவை எடுப்பவருக்கும் ஒவ்வொரு ஸ்டொப்பும் தங்கம். அங்கே கெனன் 2020 இல் வெளியிட்ட மலிவான 600 மி.மீ. எஃப் 11 உதவாது. இத்தகைய வேலை வரும்போது வாடகை ஒரு வழி. பந்தலையும் கதிரையையும் யாரும் விலைக்கு வாங்கிக் கலியாணம் செய்வதில்லை; லென்ஸும் அப்படியே. கொழும்பில் நாள் வாடகைக்கு லென்ஸ் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. சங்கடம் தூரம்தான். இரத்தினபுரியிலிருந்தே கொழும்பு சுமார் 100 கிலோமீற்றர், பலாங்கொடைக்கு அப்பாலுள்ள தோட்டமானால் எடுக்க ஒரு நாள், கொடுக்க ஒரு நாள். அந்த இரண்டு நாளையும் பஸ் காசையும் வாடகையோடு சேர்த்தே விலை பேச வேண்டும். பக்கத்துத் தோட்டத்துப் படப்பிடிப்பாளர் நான்கு பேர் சீட்டுப் பிடித்து ஒன்றைக் கூட்டாக வாங்குவதும் நடைமுறையில் சாத்தியமே, ஒரு சிக்கலோடு. முகூர்த்த நாள் நால்வருக்கும் ஒரே நாள். திருவிழாத் திகதிகள் தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடுவதால் அதற்குக் கூட்டு ஒத்துவரும், கலியாணத்துக்கு ஒத்துவராது.

சொந்தமாக வாங்கும் நாள் எப்போது என்பதையும் எண்ணாலேயே தீர்மானிக்கலாம். வாடகைக்கு எடுத்த நாட்களின் மொத்தச் செலவை ஒரு கொப்பியில் எழுதி வர வேண்டும். ஒரு வருடத்தில் அந்தத் தொகை இரண்டாங்கை எஃப் 2.8 ஒன்றின் விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டுமானால், ஐந்து வருடத்தில் லென்ஸ் தன் விலையைத் தானே கட்டிவிடும், அப்போது வாங்கலாம். அதுவும் ஆவணி முகூர்த்தங்கள் முடிந்து கையில் காசு நிற்கும்போது, தவணை இல்லாமல். தாண்டாவிட்டால் கொப்பியை அடுத்த வருடமும் தொடர வேண்டும்.